வெள்ளைக் கார்ல செவந்த கை

கேளுங்க, கேட்டுட்டு வெடையை நீங்கதான் சொல்லணும்.

வள்ளியூர் பைபாஸ்ல, கரண்டு எடுக்குற காத்தாடிங்க மரம் மரமா நின்னு சுத்துற எடத்துல, செண்பகவடிவுன்னு ஒருத்தி கார் கழுவுற ஷெட்டு வச்சிருந்தா. அவ கழுவ மாட்டா. காசைப் போட்டா பைப்புல தண்ணி வரும், நுரை வரும், வண்டிக்காரங்களே கழுவிக்கிட்டுப் போவாங்க. எடம் பக்கத்துக் கல்யாண மண்டபத்துச் சுயம்பு அண்ணாச்சியோடது.

நுரைக்கு எந்தச் சோப்பு வாங்கன்னுதான் வடிவுக்குத் தலைவலி. ரெண்டு பேரு மாறி மாறி கேனைத் தூக்கிட்டு வந்தாங்க. ஒருத்தன் தவசி, உள்ளூர்க்காரன், சுடுகாட்டுப் பக்கம் கொட்டகை போட்டு அவனே காய்ச்சுவான். வெலை கொறச்சல். லாரி கிரீஸெல்லாம் பறந்துரும், ஆனா தொட்டா வழுவழுன்னு இருக்கும், மறுநாள் வெரல்ல தோல் உரியும். முந்தி அவன் பினாயில் வித்தப்போ ஒரு டீச்சரம்மா வீட்டு மொசைக் தரையே பல்லிளிச்சுப் போச்சு. அந்தம்மா தொடப்பத்தோட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தொரத்தினது தனிக் கதை, அது கெடக்கட்டும். இன்னொருத்தன் நாகர்கோவில் ஜெபசிங். கேன் யானை வெலை. ஆனா வாளித் தண்ணிக்கு ஒரு மூடி போதும், பிள்ளையைக்கூடக் குளிப்பாட்டலாம்பான். தவசி சோப்போ தண்ணி கலந்தா வேலைக்கு ஆகாது.

வடிவு மலிவுன்னு தவசி கேனை வாங்கி மாட்டினா.

அன்னைக்குச் சாயங்காலம் சுயம்பு அண்ணாச்சி தன்னோட வெள்ளைக் காரை ஓட்டிட்டு வந்தாரு. மறுநாள் அவரு மக செல்வரதிக்குக் கல்யாணம், பொண்ணு ஏறப்போற கார். நேத்துதான் அவளுக்கு நலங்கு வச்சாங்க. வாசல்ல ஆரத்தி சுத்தி ஊத்துன செகப்பு இன்னும் அழியல. இப்பல்லாம் ஆரத்திக்குக் கடையில செகப்புப் பொடி வாங்கிக் கரைக்காளுவ, கலக்கத் தெரிஞ்சவளே இல்ல, அதை யாருகிட்ட சொல்லி அழ!

கார் முழுக்கச் செம்மண் தூசி. அண்ணாச்சி வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நுரையை அடிச்சாரு. நுரை வழிஞ்சு எறங்குது. டிரைவர் கதவுல, கைப்பிடிக்குப் பக்கத்துல, ஒரு சின்னக் கை பதிஞ்சிருக்கு. அஞ்சு வெரலும் விரிஞ்சு, ரத்தச் செவப்புல. பாத்துக்கிட்டு இருக்கும்போதே இன்னும் செவக்குது. அண்ணாச்சி பைப்பைக் கீழ போட்டுட்டாரு.

"ஏ வடிவு! இது யாரு கை?"

வடிவு தண்ணியைப் பீச்சினா. நுரைதான் போச்சு. கை போகல.

"கல்யாணக் கார்ல ரத்தமா? விளக்கு வைக்கிறதுக்குள்ள இது என்னன்னு சொல்லு. இல்ல, நாளைக்கு ஷெட்டைப் பிரிச்சுப் போட்டுருவேன்"னுட்டாரு அண்ணாச்சி. வடிவுக்கு அந்த ஷெட்டை விட்டா வேற போக்கில்ல. தவசிக்கும் ஜெபசிங்குக்கும் போன் போட்டா. கூப்பிடாமலே சாமியாடி மாசானமும் வந்து நின்னாரு. சாவு சேதி மாதிரி இதுவும் அவரு காதுக்கு மொதல்ல போயிரும்.

மாசானம் ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து கை மேல பிழிஞ்சாரு. சொன்னா நம்ப மாட்டீங்க, செகப்பு அப்படியே செத்து, பழத்தோல் நெறத்துக்கு வந்துட்டு. அண்ணாச்சி கன்னத்துல போட்டுக்கிட்டாரு.

"ரோட்டுல அடிபட்டுப் போன கன்னி அவ. சுடுகாட்டுச் சோப்பு வாடைக்கு வந்துருக்கா. இந்த ஷெட்டுல எனக்கு ஒரு மூலை குடு, பீடம் போட்டு அமத்திருதேன்"னாரு மாசானம்.

ஜெபசிங் தன்னோட நுரையை அடிச்சுக் காட்டினான். கை செவக்கல. "பேயும் இல்ல பிசாசும் இல்ல. தவசி சோப்பு காரம். பெயிண்டைத் தின்னுட்டு, அடியில இருக்க செவப்புப் பூச்சு தெரியுது. என் கேனையே வாங்குங்கக்கா."

தவசிக்குப் பொத்துக்கிட்டு வந்துட்டு. "ஏலே, காலையில இருந்து எத்தனை லாரி கழுவிருக்கு, எதுலயாவது ரத்தம் வந்துச்சா? பெயிண்டைத் தின்னா முழுக் காரும்லா செவக்கணும்? என் சோப்புல ஒரு கொறையும் இல்ல"ன்னு தன் நுரையையே மறுபடி அடிச்சான்.

கை மறுபடி செவந்துட்டு. அடிச்சவனே ரெண்டு எட்டு பின்னால போயிட்டான்.

பொழுது எறங்குது. அண்ணாச்சி வடிவு மொகத்தையே பாக்காரு. இப்போ சொல்லுங்க: மூணு பேருல யாரு சொன்னது சரி? வடிவு எந்தக் கேனை வாங்கணும்?

வெடை: ஆளுக்குக் காவாசிதான் சரி. அது மஞ்சள். மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா ஆரத்தி செவக்குதுல்லா, அதே மாதிரி தவசி சோப்புக் காரம் பட்டும் செவந்துட்டு. எலுமிச்சம் புளிப்பு பட்டா பழைய மஞ்சளுக்கே திரும்பிரும். பெயிண்டுக்கு ஒண்ணும் ஆகல, கன்னியும் வரல. வடிவு ரெண்டு கேனையும் வாங்கினா: லாரி டயருக்கும் அடிப்பாகத்துக்கும் தவசியோடது, கார் மேலுக்கு மூடிக் கணக்குல ஜெபசிங்கோடது. செலவு அடங்கிட்டு. மாசானத்துக்கு மிச்சப் பழம். ஆனா மஞ்சள்னு வடிவு சொன்னதும் அண்ணாச்சி சிரிக்கல. "நேத்து ஒருத்தி கையிலதானே மஞ்சள் பூசினோம்"னாரு. நலங்கு வச்ச பொண்ணு வாசப்படி தாண்டக் கூடாது. அவ கை டிரைவர் கதவுல எப்படி வந்துச்சு? ராத்திரியில காரை எடுத்துட்டு எங்க போயிட்டு வந்தா? ஷெட்டைப் பிரிக்கிற பேச்சையே அவரு மறந்துட்டாரு. "இது தடம் தெரியாமப் போக எதைப் போடணும்?"னு மெதுவாக் கேட்டாரு. வடிவு சொன்னா: "மஞ்சக் கறை வெயில் பட்டா தானாப் போயிரும் அண்ணாச்சி. நீங்க மொதல்ல வீட்டுக்குப் போங்க. அந்தப் பிள்ளைகிட்ட கேக்க வேண்டியதை, விடியுறதுக்கு முன்னால கேட்டுருங்க."