நிலம் ஆடாத இரண்டு வருஷம்

அடிக்கடி நிலம் ஆடும் மலையடி நகரம் அது. ஆற்றின் குறுக்கே நூறு வருஷத்துக் கான்கிரீட் பாலம் ஒன்று இருந்தது. அடுத்த ஆட்டத்தில் விழுந்துவிடும், இடித்துவிடலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பொறியாளர் தில்லைநாயகம் மட்டும் விடவில்லை. அப்படி ஒரு வளைவை இனி யார் கட்டப்போகிறார்கள் என்று கேட்டார். தூண்களுக்கு இரும்புக் கச்சை கட்டி, தளத்துக்கு அடியில் ரப்பர் மெத்தை வைத்து, ஏழு வருஷம் போராடிப் பாலத்தைக் காப்பாற்றினார். அந்த ஏழு வருஷமும் ஊர் சுற்றுவழியில் போனது. அவரைத் திட்டிக்கொண்டே போனது.

வேலை முடிந்து இரண்டு வருஷம் ஓடியது. நிலம் ஒரு தடவைகூட ஆடவில்லை.

ஒருநாள் பாலத்து முனை டீக்கடைக்காரர் கேட்டார்: "ஏழு வருஷம் எங்க வயித்துல அடிச்சீங்களே சார், எங்க உங்க பூகம்பம்?"

கடையே சிரித்தது. தில்லைநாயகத்துக்குக் கோபம்கூட வரவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கால்களை இழுத்து இழுத்து நடந்து தன் குருவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். குரு நீலாம்பிகை அவரைவிடப் பத்து வயது இளையவர். அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"களைச்சுப் போச்சும்மா."

"பாலம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அப்புறம் என்ன?"

தில்லைநாயகம் முறத்திலிருந்து ஒரு காயை எடுத்து நார் உரித்தார்.

"காலையில எழுந்ததும் தரையில உள்ளங்கையை வெச்சுப் பாக்கறேன்."

"பயமா?"

"பயமில்லை." குரல் இறங்கியது. "ஒரே ஒரு தடவை ஆடாதான்னு இருக்கு."

"எவ்வளவு ஆடணும்?"

"பாலம் தாங்கற அளவு."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

குரு கண்டிக்கவில்லை. முறத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அக்கரைச் சந்தையில தேங்காய் வாங்கணும். கூட வாங்க."

பாலத்தில் சாயங்கால நெரிசல். ஒருத்தி கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே போனாள். சைக்கிளில் கோழிக்கூடை கட்டியவர் மணியடித்து வழி கேட்டார். கிழவர்கள் இருவர் நடுப்பாலத்தில் நின்று எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் காலடியைக் குனிந்து பார்க்கவில்லை.

அக்கரை வந்ததும் குரு கேட்டார்: "வர்ற வழியில என்ன நடந்தது?"

தில்லைநாயகம் யோசித்தார். திரும்பியும் ஒருமுறை பார்த்தார்.

"ஒண்ணும் நடக்கலையேம்மா."

"இதுக்குத்தானே ஏழு வருஷம் ஆச்சு" என்றார் குரு.