எல்லாவற்றுக்கும் சரி

வேண்டாம் என்று சொல்வதில் இசக்கியம்மாளை மிஞ்சத் தென்காசிப் பக்கத்தில் ஆள் கிடையாது. துணிக்கடையில் மலைபோலப் புடவைகளைப் பிரிக்கவைத்துவிட்டு, எதுவும் வேண்டாம் என்று எழுந்து வருவாள். மீன்காரி தெருமுனையில் கூடையை இறக்கும்போதே இவள் வீட்டுக் கதவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள்.

அந்த வேண்டாம் ஒருநாள் அவளுடைய அண்ணன் பலவேசத்தின் மேலும் விழுந்தது. கோவில் கொடைத் திருவிழாவுக்குச் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்த இடத்தில், தங்கை மகள் மாரிச்செல்வியைத் தன் மகனுக்குக் கேட்டார். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த இசக்கி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வேண்டாம்ணே. உன் கோவம் அப்படியே உன் மவனுக்கு வந்திருக்கு. என் பிள்ளை அதில வேகணுமா?” என்றாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பலவேசம் கையை உதறிவிட்டு எழுந்தவர்தான், அப்புறம் தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கல்யாண வீடுகளில் அவள் இருக்கும் வரிசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அன்றைக்கு யார் யார் சிரித்தார்கள் என்பது இன்னமும் அவருக்கு மனப்பாடம்.

இதற்கிடையில், முழங்கால் வலிக்கு எண்ணெய் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு இசக்கி தண்ணொளிச் சபை என்ற வழிபாட்டுக் கூட்டத்துக்குப் போனாள். அங்கே அவள் காலைப் பிடித்துவிட்டார்கள். அவள் பேசியதை உட்கார்ந்து கேட்டார்கள். வீட்டில் யாரும் அதைச் செய்ததில்லை. வெள்ளிக்கிழமைதோறும் போனவள், பிறகு அங்கேயே தங்கிவிட்டாள். சாந்தரூபி என்று புதுப் பெயர் வைத்தார்கள்.

சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அந்தச் சொல்லை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளும்வரை அத்தனை பேரும் பட்டினியாக அவரைச் சுற்றி உட்கார்ந்து அழுவார்கள். திட்டமாட்டார்கள், அடிக்கமாட்டார்கள். அழுவார்கள், அவ்வளவுதான். பசியில் அங்கிருக்கும் குழந்தைகளும் சேர்ந்து அழும். இசக்கியின் வேண்டாம் அந்த அழுகையில்தான் கரைந்துபோனது.

கணவர் கோமதிநாயகம் கூப்பிடப் போனார். “வீட்டுக்கு வாறியா?” என்று கேட்டார். “சரி” என்று ஆட்டோவில் ஏறினாள். வெள்ளைப் புடவை கட்டிய சபைக்காரி ஒருத்தி, “வழிபாடு முடியலையேம்மா” என்றாள். “சரி” என்று இறங்கினாள். கணவர் மறுபடி கூப்பிட, சரி என்று மறுபடி ஏறினாள். ஆட்டோக்காரர், “அண்ணாச்சி, வண்டியை எடுக்கவா, அணைக்கவா?” என்று கேட்டார்.

ஒருவழியாகத் தங்கை வீடு திரும்பிய சேதி அன்றைக்கே பலவேசத்துக்கு எட்டியது. பகையை மறந்தெல்லாம் அவர் போகவில்லை. அவள் கோலத்தைப் பார்த்தால் கொஞ்சம் மனசு குளிரும் என்றுதான் போனார்.

அடுக்களையில் மாரிச்செல்வி தாய்க்குப் பாகற்காய் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காயை வீட்டுக்குள்ளேயே விடாதவள் இசக்கி. “இன்னும் வைக்கட்டாம்மா?” என்றாள் மகள், வேண்டாம் என்ற சொல் வருமா என்று பார்த்தபடி. “சரி.” “இன்னும்?” “சரி.” தட்டு நிறைந்து தரையில் வழிந்தும், இசக்கி சிரித்த முகமாகத் தின்றுகொண்டிருந்தாள்.

பலவேசத்தின் நாக்கு சும்மா இருக்கவில்லை. “இசக்கி, உன் மவளை என் மவனுக்குத் தாறியா?”

“சரி” என்றாள், அதே சிரிப்போடு.

கோமதிநாயகம் அவர் தோளில் தட்டினார். “இப்பமாவது உள்ளம் ஆறிச்சா மச்சான்? அவளே சொல்லிட்டா. எனக்கும் சம்மதம்.”

மாரிச்செல்வி கரண்டியைக் கீழே வைத்தாள். “அம்மா வார்த்தையை நான் தட்டமாட்டேன் மாமா. ஆனா இது அம்மா வார்த்தையா? நீங்களே சொல்லுங்க.”

பலவேசம் உட்கார்ந்தார், எழுந்தார், வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தார். ஏங்கிக் கிடந்த சொல் கைக்கு வந்துவிட்டது. அது ஏன் இப்படிக் கூசுகிறது என்று அவருக்கு விளங்கவில்லை. காப்பி கொடுத்ததைக் குடிக்காமலே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் பொறுக்க முடியாமல் அவர் திரும்பி வந்தபோது, வாசலில் சபையின் வேன் நின்றது. “போகலாமா சாந்தரூபி?” என்றாள் அந்த வெள்ளைப் புடவைக்காரி. “சரி” என்று இசக்கி எழுந்தாள்.

கோமதிநாயகம் வழிவிட்டு ஒதுங்கினார். “அவ வாயாலேயே சொல்லுதா. பிரியப்பட்டுப் போறவளை நான் தடுத்தா நியாயமில்ல” என்று தெருவுக்கு வந்து நின்றார்.

மாரிச்செல்வி தாயை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டாள். “திறக்க மாட்டேன். யாரை வேணும்னாலும் கூப்பிடுங்க” என்று உள்ளிருந்து கத்தினாள். “பெத்தவளையே பூட்டி வைக்காளே” என்று வேனைப் பார்த்துக் கூடியிருந்த தெருக்கூட்டம் முணுமுணுத்தது.

சபைக்காரி அமைதியாகச் சொன்னாள்: “நேத்து உங்ககூட வந்தது அவங்க விருப்பம். இன்னைக்கு எங்ககூட வாரதும் அவங்க விருப்பம். மனுஷி வார்த்தைக்கு மரியாதை கொடுங்க.”

பலவேசம் கூட்டத்தைப் பார்த்தார். அன்று பந்தியில் சிரித்தவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். இருந்தும் வாயைத் திறந்தார். “நேத்து எனக்கும் ஒரு சரி சொன்னா. மவளை என் மவனுக்குத் தாரேன்னு. அவ வார்த்தை செல்லும்னா இன்னைக்கே நான் தாம்பூலம் மாத்தணும். அந்தச் சரி செல்லாது. நான் அதை வாங்கிக்கிடல. எனக்குச் செல்லாதது உனக்கு எப்படிம்மா செல்லும்?”

“மவனுக்கு வந்த பொண்ணை இவரே விரட்டுதாரே” என்று ஒருவர் சிரித்தார். கதவுக்கு உள்ளேயிருந்து, யாருக்கு என்று தெரியாமல், “சரி” என்று ஒரு குரல் வந்தது.

கணவர் அவள் சொன்னபடி விட்டார். மகள் அவள் சொல்லை மீறித் தாழ் போட்டாள். அண்ணன் தனக்குக் கிடைத்த சொல்லையே வேண்டாம் என்றார். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: கோமதிநாயகம் செய்தது மரியாதை மாதிரித் தெரியும், உண்மையில் அது கை கழுவல். வேண்டாம் என்று சொல்ல முடிந்தவர் சொல்லும் சரிக்குத்தான் மதிப்பு. மாரிச்செல்விக்கு இது முதலிலேயே தெரியும். ஆனால் தாழ்ப்பாள் மட்டும் இருந்தால் அவளும் இன்னொரு சபைதான். தனக்கு லாபமான சரியை முதலில் கீழே போட்டவர் பலவேசம். மற்றவர்கள் அவளிடம் வாங்கிய சரியைத் தள்ளுபடி செய்யும் தகுதி அவருக்குத்தான் வந்தது; தாழ்ப்பாளும் அந்தத் தகுதியால்தான் நியாயமானது. ஆகவே பலவேசம் செய்ததே சரி. அதற்கும் ஓர் எல்லை உண்டு. என்றைக்காவது இசக்கி மகளைப் பார்த்து, “என்னைப் பூட்ட நீ யாருடி? திற கதவை” என்று சீறினால், அவளுடைய வேண்டாம் திரும்பிவிட்டது என்று அர்த்தம்; அந்த நிமிஷமே திறந்துவிட வேண்டும். அவள் நேராகச் சபைக்கே நடந்தாலும்.