மறுபுறம் மடித்த இலை

தாமிரபரணி நெல்லை நகரைத் தொட்டுத் திரும்பும் வளைவில், மருத மரங்களின் நிழலில், சிறியதொரு மடம் இருந்தது. அதன் தலைவர் சிற்சபேச சுவாமிகளுக்கு வயது நாற்பதைத் தொடவில்லை. அவருடைய முதன்மைச் சீடரான ஆவுடையப்பனோ மின்வாரிய அலுவலகத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்று, பேரன் கண்டவர். நரைத்த தலை கறுத்த தலையைச் ‘சாமி’ என்றும், கறுத்த தலை நரைத்த தலையை ‘அண்ணாச்சி’ என்றும் அழைப்பதைக் கண்டு ஊரார் வாய்க்குள் சிரிப்பதுண்டு. அவ்விருவரும் அதனைப் பொருட்படுத்தியதில்லை.

ஆவுடையப்பனின் மனைவி கோமதி காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓசூரில் வாழும் மகள், “கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு வேலைக்குப் போக முடியலப்பா, இங்க வந்துருங்க” என்று அழைத்திருந்தாள். பேரனோடு இருக்க அவருக்கும் ஆசைதான். வீட்டைக் காலி செய்தாயிற்று. வரும் புதன்கிழமை பயணம்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் மடத்துக்கு வந்து குருவை வணங்கி நின்றார்.

“சாமி, ஒண்ணு கேக்கணும். பொறந்து வளந்த ஊரு. இதுமேல உள்ள பற்றை அறுத்துட்டுப் போகணும். எப்படி அறுக்கது?”

குரு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அறுக்க ஆரம்பிச்சாச்சு போலிருக்கே. கன்னம் ரெண்டும் ஒட்டிக் கெடக்கு.”

“ஆமா சாமி.” ஆவுடையப்பனின் குரலில் சற்றே பெருமிதம் தொனித்தது. “ஒரு வாரமா உப்புப் போட்ட கஞ்சிதான். கடைத்தெருப் பக்கமே தலை வச்சுப் படுக்கல. அசன் கனியக்கூடப் பாக்கல.”

அசன் கனி அவருடைய பள்ளித் தோழர். மேலப்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். மீசை அரும்பிய நாள் முதல், மாலையானால் சந்திப்புப் பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடையில் இருவரும் எதிரெதிரே அமர்ந்து வம்பு பேசுவது வழக்கம்.

“ஊரை விட்டுப் போறத அவர்கிட்டச் சொல்லியாச்சா?”

“இல்ல சாமி. மூட்டுவலி, வெளிய வர முடியலன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

“ஏன்?”

“சொன்னா அவன் ஒரு பார்வை பாப்பான். அந்தப் பார்வையோட என்னால ரயில் ஏற முடியாது. ஓசூர் போய்ச் சேந்த பெறகு ஒரு ஃபோன் போட்டுக்கலாம்னு இருக்கேன்.”

குரு மேல்துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“எனக்குப் பசிக்குது அண்ணாச்சி. வாங்க, ஊருக்குள்ள போவோம்.”

கேள்விக்கு இது விடையாகுமா என்று ஆவுடையப்பனுக்கு விளங்கவில்லை. இருப்பினும் குருவின் பின்னே நடந்தார்.

கோயில் தெரு முனையில் வேலம்மாள் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். குரு வாழையிலைத் துண்டை வாங்கிக்கொண்டு மரப்பலகையில் அமர்ந்தார். ஆவுடையப்பன் கைகட்டி ஓரமாக நின்றார்.

“என்ன அண்ணாச்சி, நீங்க உக்காரலயா?” என்றாள் வேலம்மாள்.

“விரதம்மா.”

“சாமி திங்காரு, சிஷ்யரு விரதமா? ஒலகம் தலைகீழால்ல சுத்துது!”

குரு சிரித்தவாறே ஓர் ஆப்பத்தைத் தேங்காய்ப்பாலில் தோய்த்து, வாயிலிட்டு, கண்களை மூடிக்கொண்டார். உண்டு முடித்த பின்னர் கேட்டார்.

“அண்ணாச்சி, நீங்க இங்க கடைசியாத் தின்ன ஆப்பம் எப்படி இருந்துச்சு?”

ஆவுடையப்பன் யோசித்தார். வாரந்தோறும் வந்த கடை. அன்று செய்தித்தாள் படித்தவாறு உண்டதாக ஞாபகம். செய்தி மின்கட்டண உயர்வைப் பற்றியது. ஆப்பம் எப்படி இருந்தது?

“நெனவில்ல சாமி.”

“கடைசின்னு தெரியாமத் தின்னது மறந்துபோச்சு. கடைசின்னு தெரிஞ்சதத் திங்க மாட்டேங்கீங்க. பின்ன எப்பத்தான் திங்கது?”

வேலம்மாள் களுக்கென்று நகைத்தாள். ஆவுடையப்பன் அமர்ந்தார்.

ஓரம் முறுகலாகவும் நடு பஞ்சாகவும் ஆப்பம் வந்தது. தேங்காய்ப்பாலில் ஏலக்காய் மணத்துக்கு அடியில் சுக்கின் காரம் மெல்லத் தலைகாட்டியது. மாவை ஊற்றியதும் வேலம்மாள் சட்டியைத் தூக்கி இடக்கையால் ஒரு சுழற்றுச் சுழற்றுவதை அவர் அன்றுதான் கண்டார்.

“நீ இடக்கைக்காரியா?”

“இத்தன வருசமா எங்க பாத்துக்கிட்டுத் தின்னீங்க?” என்று அவள் இன்னோர் ஆப்பத்தை இலையில் தள்ளினாள்.

அங்கிருந்து அல்வாக் கடை. கொப்பரையிலிருந்து சூடாக எடுத்து இலையில் வைத்தார்கள். விரலால் தொட்டதும் வழுக்கி, வாயில் வைத்ததும் கரைந்து, நெய் மணிக்கட்டு வரை வழிந்தது. முதல் விள்ளலை விழுங்குவதற்குள் ஆவுடையப்பன் கடைக்காரரை நோக்கி, “ஒரு கிலோ கட்டுங்க, ஓசூருக்கு” என்றார்.

“மொதல்ல கையில இருக்கதத் தின்னு முடிங்க” என்றார் குரு.

ஆவுடையப்பன் கையிலிருந்ததைத் தின்றார். சுடச்சுடத் தின்றால்தான் அதற்கு அந்தச் சுவை என்பது அவருக்கே தெரியும். கட்டச் சொன்ன பொட்டலத்தை வேண்டாமென்று விட்டார்.

குரு கை கழுவிவிட்டு ஆற்றுப்பாலத்தின் பக்கம் திரும்பினார். பாலத்துக்கு அப்பால் மேலப்பாளையம். ஆவுடையப்பனின் கால்கள் தயங்கின.

“சாமி, அந்தப் பக்கம் வேண்டாம்.”

“எனக்கு இன்னும் பசி தீரலயே.”

“வேற எங்கயாவது…”

குரு பாலத்தில் பாதி தூரம் போயிருந்தார்.

தொழுகை முடித்து வந்த அசன் கனி தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். இருவரையும் கண்டதும் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“வாங்க சாமி. வாரும்வே! மூட்டுவலிக்காரரு ஆத்துப்பாலம் தாண்டி நடந்தே வந்துட்டீரே! என்ன தைலம் போட்டீரு? எனக்கும் கொஞ்சம் தாரும்.”

குரு பதில் கூறினார். “மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருக்கோம் பாய்.”

“அதுக்கென்ன! ஜொஹரா, ஆவுடையப்பன் வந்திருக்கான். அவன் பானைய எடு!” என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார் அசன் கனி.

கடைக்குப் பின்னால்தான் வீடு. அவ்வீட்டுச் சமையலறையில் ஆவுடையப்பனுக்கென்று ஒரு பானை தனியே உண்டு. அதில் மீனோ இறைச்சியோ ஒருநாளும் பட்டதில்லை. அதனை அங்கே வைத்தவள் கோமதி. புதுமணப்பெண்ணாக வந்த ஜொஹராவுக்கு அந்தப் பானையில்தான் அவள் சொதி வைக்கக் கற்றுக்கொடுத்தாள்.

குரு சம்மணமிட்டு அமர்ந்து தேங்காய் துருவிக் கொடுத்தார். சிறுபருப்பு வெந்தது. காய்கள் வெந்தன. கடைசியாகத் தலைப்பால் ஊற்றி இறக்கியபோது எழுந்த மணம் ஆவுடையப்பனை வந்து தொட்டது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே பெரிய தாலத்தட்டைச் சுற்றி அமர்ந்து உண்பது அவ்வீட்டு வழக்கம். விருந்தாளிகள் இருவருக்கும் மட்டும் இலை போட்டார்கள். சோறும் சொதியும் வந்தன. பக்கத்தில் இஞ்சித் துவையல் வந்தது.

ஆவுடையப்பன் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். கோமதியின் கை அப்படியே இருந்தது. எலுமிச்சையின் அந்தப் புளிப்பு. பூண்டை முழுதாகப் போடும் அந்தப் பிடிவாதம். அவர் வீட்டில் அந்த அடுப்பு அணைந்து எவ்வளவோ காலமாயிற்று. இந்த ஒரு வீட்டில் மட்டும் அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இதையும் விட்டுத்தான் போகவேண்டும்.

இன்னும் ஒரு கவளம் உண்டால் புதன்கிழமை ரயிலேற முடியாது என்று தோன்றியது. பாதிச் சோறு இருக்கையிலேயே, “போதும்மா” என்று இலையை வெடுக்கென்று மடித்தார். மடித்தது மறுபுறமாக.

விருந்துண்டவர்கள் இலையின் மேற்பாதியைத் தம்மை நோக்கி மடிப்பார்கள். உறவு நீளவேண்டும் என்பது அதன் பொருள். இழவு வீட்டில் உண்டவர்கள்தாம் தமக்கு அப்பால் மடிப்பார்கள். இப்படி மீண்டும் ஒருமுறை உண்ண நேரக்கூடாது என்பதற்காக.

ஜொஹராவின் கையில் கரண்டி அந்தரத்தில் நின்றது.

அசன் கனி இலையைப் பார்த்தார். பிறகு நண்பரைப் பார்த்தார்.

“யாருவே செத்தது?”

ஆவுடையப்பன் தாம் மடித்த இலையை அப்போதுதான் பார்த்தார்.

“உம்மத்தான் கேக்கேன். என் வீட்டுல யாரு செத்தா?”

ஆவுடையப்பன் தலை நிமிராமல் சொன்னார். “புதன்கிழமை ஓசூருக்குப் போறேன் கனி. மக கூப்பிட்டா. வீட்டக் காலி பண்ணிட்டேன். இனி அங்கதான்.”

“எப்ப முடிவாச்சு?”

“போன மாசம்.”

“போன மாசம்! சொல்லாமலே ரயில் ஏறப் பாத்தீரு, அப்படித்தான?”

“சொன்னா என்னால போக முடியாது கனி.”

அசன் கனி தரையைப் பார்த்தார். அவர் குரல் தாழ்ந்து வந்தது.

“ஒரு வாரமா நான் டீக்கடையில உமக்கும் சேத்து டீ சொல்லுதேன், தெரியுமா? வலி தேவலையாகி எப்படியும் வந்துருவாருன்னு. அது ஆறிப் போகும். ஊத்திட்டு எந்திரிச்சு வருவேன். நீரு சொல்லாமப் போயிருந்தா, நான் இன்னும் எத்தன நாளு சொல்லிக்கிட்டே இருந்திருப்பேன்வே?”

ஆவுடையப்பன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அப்போது குரு கை நீட்டி, மடித்திருந்த இலையை விரித்தார். உள்ளே சோறு கலையாமல் இருந்தது. தம் விரல்களால் இலையின் சுருக்கத்தை நீவிவிட்டுச் சொன்னார்.

“அம்மா, அண்ணாச்சி இன்னும் சாப்பிட்டு முடிக்கல. சொதி ஊத்துங்க.”

ஜொஹரா ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

“ஏட்டி, குளத்த வெட்டி விட்டது மாதிரி ஊத்துத” என்றார் அசன் கனி.

“அக்கா இருந்தா இப்படித்தான் ஊத்துவாங்க” என்றாள் அவள்.

“கோமதியா? அவ ஊத்துனா நாம தோணி விட்டுல்ல சோத்தத் தேடணும்!” என்று ஆவுடையப்பன் துண்டுக்குள்ளிருந்தே சொன்னார். தம் வாயிலிருந்தா அது வந்தது என்று அவருக்கே வியப்பாயிருந்தது.

அசன் கனி முதலில் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. தமக்கும் ஓர் இலை கேட்டு வாங்கி நண்பரின் பக்கத்தில் போட்டு அமர்ந்தார். கோமதி இஞ்சித் துவையலில் உப்பை இருமுறை போட்ட கதையை அவர் சொன்னார். ஆற்றில் குளிக்கப் போய் இருவரும் ஒரே வேட்டியோடு திரும்பிய கதையை ஆவுடையப்பன் சொன்னார். ஜொஹரா சிரித்து இருமினாள். குரு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அமைதியாக உண்டார்.

“ஓசூர்ல குளிராமே வே?”

“ஆமா. சொட்டர் வாங்கணும்.”

“உம்ம தொந்திக்கு அளவு எங்க கெடைக்கப் போகுது! புதன்கிழமை எத்தன மணிக்கு வண்டி?”

“காலையில.”

“நான் வாரேன். பெட்டி தூக்க மாட்டேன், சொல்லிட்டேன். வந்து பாத்துக்கிட்டு நிப்பேன்.”

“நீரு வாரும். அது போதும்.”

ஜொஹரா மீண்டும் சோற்றுப் பாத்திரத்தோடு வந்தாள். ஆவுடையப்பன் இரு கைகளாலும் இலையை மறைத்தார். அந்தக் கைகளில் பதற்றம் இல்லை.

“வேண்டாம் தாயி. நெறஞ்சு போச்சு.”

பின்னர் குருவின் பக்கம் திரும்பினார்.

“சாமி, காலையில நான் பற்றை அறுக்கத்தான் வழி கேட்டேன். நீங்க என்னயத் தெருத் தெருவாக் கூட்டிட்டுப் போய்த் திங்க வச்சீங்க. இங்க கொண்டுவந்து உக்கார வச்சு, மடிச்ச இலையவும் விரிச்சு விட்டீங்க. இது என்ன வழி?”

குரு தம் இலையில் எஞ்சியிருந்த கடைசிக் கவளத்தை உண்டு முடித்தார்.

“பசிச்சவனத்தான் பந்தியிலருந்து எழுப்பணும் அண்ணாச்சி. நெறஞ்சவன் தானா எந்திரிப்பான்.”