ரீஸுக்குக் கொடுத்த வாக்கு

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நியாயம் எந்தப் பக்கம் என்பதை நீங்கள் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் நிலக்கரி வெட்டும் மலைநாடு ஒன்று. அங்கிருந்து வாஷிங்டன் பிரதிநிதிகள் சபைக்கு ஆர்வில் ஸ்டாம்பர் இளைஞராகப் போனார். தலை முழுக்க நரைத்த பிறகும் மக்கள் அவரையே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா சுரங்கத்தில் இறந்தபோது அண்ணன் டெல்பர்ட் பள்ளியை விட்டுச் சுரங்கத்தில் இறங்கியதால்தான் இளையவர் ஆர்வில் சட்டம் படிக்க முடிந்தது. இப்போது டெல்பர்ட்டின் நெஞ்சு முழுக்கக் கரித்தூசி. பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார்.

சுரங்கங்களில் காற்றோட்டத்தையும் தூசியை அடக்கும் நீர்த்தெளிப்பையும் கட்டாயமாக்க ஆர்வில் ஒரு மசோதா கொண்டுவந்தார். அதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் எல்வுட் ரீஸ். எதிர்க்கட்சிக்காரர், ஆனாலும் ஆர்விலின் நெடுநாள் நண்பர். ரீஸின் தொகுதியில் நிலக்கரியில் எரியும் இரும்பு உலைகள் அதிகம். நிலக்கரி விலை ஏறினால் அங்கே வேலை போகும் என்பது அவர் கவலை.

அந்தச் சபையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஓர் உறுப்பினர் நோயாலோ துக்கத்தாலோ வர முடியாதபோது, எதிர்த்தரப்பு உறுப்பினர் ஒருவர் தாமும் வாக்களிப்பதில்லை என்று சொல் கொடுப்பார். இதற்கு இணை என்று பெயர். சட்டம் இல்லை, தண்டனையும் இல்லை. சொல் ஒன்றுதான். ஆர்விலின் மனைவி இறந்த வாரத்தில் ரீஸ் அவருக்காக அப்படி ஒதுங்கி நின்று, சொந்தக் கட்சியிடம் வசவு வாங்கியிருந்தார்.

இப்போது ரீஸ் இதயநோயோடு மருத்துவமனையில் கிடந்தார். பார்க்கப் போன ஆர்விலிடம் கேட்டார்.

"ஆர்வில், இந்த மசோதாவுக்கு நீ என்னோடு இணை நிற்பாயா?"

"நிற்கிறேன்."

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மசோதா சுலபமாக நிறைவேறும் என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தார்கள்.

கூட்டத்தொடரின் கடைசி நாள் வாக்கெடுப்பு. அதற்குள் சிலர் மனம் மாறியிருந்தார்கள். பார்வையாளர் மாடத்தில் சுரங்கத் தொழிலாளர்களோடு டெல்பர்ட்டும் உட்கார்ந்திருந்தார். பெயர்களை அழைக்கத் தொடங்கும் முன் உறுப்பினர் அறையில் ஆர்விலுக்குத் தொலைபேசி வந்தது. ரீஸின் மனைவி கோரா.

"அவர் போய்விட்டார், ஆர்வில்."

ஆர்வில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கோராவே தொடர்ந்தாள்.

"இதை அறிவித்தால் மரியாதைக்காகச் சபையை ஒத்திவைத்துவிடுவார்கள், இல்லையா?"

"ஆமாம்."

"உங்கள் மசோதா அத்தோடு போய்விடும். மாலை வரை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை."

"கோரா, நான் அவருக்கு ஒரு சொல் கொடுத்திருக்கிறேன்."

"தெரியும். அது அவருக்குக் கொடுத்தது. அதைத் திருப்பித் தர நான் யார்?"

ஆர்வில் ஒரு குவளைத் தண்ணீர் குடித்தார். தாகம் இல்லை. நெடுநேரம் மடக்கி வைத்த கால்போல உள்ளே எல்லாம் மரத்திருந்தது. குத்தினால்கூடத் தெரிந்திருக்காது.

முதல் சுற்றில் தம் பெயரை அழைத்தபோது பேசாமல் இருந்தார். சுற்று முடிந்தது. இரு பக்கமும் சரிசமம். சமமாக நின்றால் மசோதா தோற்றதாகவே கணக்கு. கட்சித் தலைவர் அருகே வந்து குனிந்தார். "உன் ஒரு வாக்குப் போதும்."

விடுபட்ட பெயர்களை மீண்டும் அழைத்தார்கள். ஆர்வில் எழுந்தார். "நான் எல்வுட் ரீஸோடு இணை நிற்கிறேன். அவர் இங்கே இருந்தால் எதிர்த்திருப்பார். நான் ஆதரித்திருப்பேன். ஆகவே வாக்களிக்கவில்லை."

மசோதா தோற்றது.

மாலையில் ரீஸின் மரணம் அறிவிக்கப்பட்டது. டெல்பர்ட் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஆர்வில் வந்து பக்கத்தில் நின்றார்.

"அந்த மனுஷன் எப்போது இறந்தார்?"

"ஓட்டெடுப்புக்கு முன்னால், அண்ணா."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

டெல்பர்ட் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பற்றியபடி பேருந்துக்கு இறங்கிப் போனார்.

அடுத்த மாதம் தேர்தல். டெல்பர்ட் வழியெல்லாம் நின்று நின்று வாக்குச்சாவடிக்கு வந்தார். திரும்பும்போது வாசலில் தம்பியைப் பார்த்தார்.

"உனக்குத்தான் போட்டேன்."

"ஏன் அண்ணா?"

"என் ஓட்டு. போட்டேன்."

அந்தப் பனிக்காலம் முடியும் முன் டெல்பர்ட் இறந்தார். அடுத்த ஆண்டு புதிய சபையில் அதே மசோதா பெரும்பான்மையோடு நிறைவேறியது. ஆர்வில் "ஆதரிக்கிறேன்" என்று சொல்லி உட்கார்ந்தார். மாடத்தில் கைதட்டினார்கள். அது வேறெங்கோ நடப்பதுபோல் அவருக்குக் கேட்டது. அதன்பிறகும் வெகுகாலம் மக்கள் அவரையே அனுப்பினார்கள். அவரும் போய்க்கொண்டிருந்தார்.

மரணத்தை மறைத்து மசோதாவுக்கு ஒரு வழி விட்டாள் கோரா. இறந்தவருக்குக் கொடுத்த சொல்லைக் காத்தார் ஆர்வில். தம்மைக் கைவிட்டவருக்கே வாக்களித்தார் டெல்பர்ட். இம்மூவரில் யார் செய்தது சரி?

விடை: கோராவும் டெல்பர்ட்டும். கோரா மறைத்தது தன் துக்கத்தை, அது அவளுடையது. கணவருக்குக் கொடுத்த சொல் அவருடையது, அதை அவள் தொடவில்லை. டெல்பர்ட் கொடுத்ததும் தம்முடைய ஓட்டைத்தான். ஆர்விலின் தவறு வாக்கெடுப்பு நாளில் நடந்ததல்ல. அன்று அவர் எதைச் செய்திருந்தாலும் ஒருவருக்குத் துரோகம்தான். மருத்துவமனைக் கட்டிலருகே "நிற்கிறேன்" என்றாரே, அங்கேதான் அது நடந்தது. சபையில் அவர் கையில் இருந்த வாக்கு மலைநாட்டு மக்களுடையது. நண்பனுக்கு எதை வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம், அதைத் தவிர.