எல்லைக்கு இரண்டு மைல் முன்னால்

இந்தப் புதிருக்கு விடை கண்டுபிடிப்பவர்கள் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். ரெஜினாளிடம் போய்ச் சொல்லுங்கள். சொல்ல வாய் வருகிறதா என்று பார்ப்போம்.

ரெஜினாளின் புருஷன் சிலுவைப்பிச்சை ஒரு ஃபைபர் வள்ளம் வைத்திருந்தார். அவர் தொழில் பார்த்த கடலில் மூன்று வருஷமாகக் கொள்ளை நடந்தது. கொடியில்லாத, பெயர் அழித்த ஓர் இரும்புக் கப்பல் வரும். இழுவை மடி என்னும் பெரிய வலையைப் போட்டுக் கடலடியை வழித்து எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தீவு நாட்டின் எல்லைக்குள் ஓடிவிடும். அவர்கள் துரத்தினால் இங்கே ஓடிவரும். மீன் குஞ்சு பொரிக்கும் இடமெல்லாம் மொட்டையாகிப் போனது.

கடைசியில் இரண்டு நாட்டுக்கும் புத்தி வந்து ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு நாட்டுக் காவல் கப்பல் திருடனைத் துரத்தினால் எல்லை தாண்டியும் துரத்தலாம். அடுத்த நாட்டுக் கப்பல் எல்லைக் கோட்டில் நின்று மறிக்கும். ஆனால் துரத்தல் நடுவில் ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது. நின்றால் எல்லை தாண்டும் உரிமை போயிற்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே வள்ளத்துக்கு வள்ளம் இருப்பிடம் காட்டும் பெட்டி ஒன்று கொடுத்தார்கள். நல்ல பெட்டிதான். ஆனால் மீன் படும் இடத்தை எவன் ஊருக்குக் காட்டுவான்? கரையில் திரையைப் பார்ப்பவன் வாய் சும்மா இருக்காது. மறுநாளே பத்து வள்ளம் அங்கே நிற்கும். அதனால் புறப்படும்போதே வயரை உருவிவிடுவார்கள். சிலுவைப்பிச்சையின் வள்ளத்தில் சோற்று வாளியை வைத்துவிட்டு வயரை உருவுவது ரெஜினாளின் வேலை.

அன்று கூட வருகிறவனுக்குக் காய்ச்சல். சிலுவைப்பிச்சை தனியாகப் போனார். காலை பத்து மணிக்கு அந்த இரும்புக் கப்பலைக் கண்டார். வயர்லெஸ்ஸில் காவல் கப்பலுக்குச் சொல்லிவிட்டு, திருட்டுக் கப்பல் கண்ணைவிட்டு மறையாதபடி அதன் பின்னாலேயே போனார். அது திரும்பி வள்ளத்தை இடித்துக் கவிழ்த்துவிட்டு ஓடியது. வயர்லெஸ்ஸும் கடலோடு போயிற்று.

காவல் கப்பலின் கேப்டன் இளமாறன் துரத்தி வரும் வழியில், கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் மிதப்பதைக் கண்டார். இளமாறன் அதே கடற்கரையில் பிறந்தவர். தண்ணீரில் கிடப்பவன் பகையாளியானாலும், ஒரு வார்த்தை கேட்காமல் முதலில் வள்ளத்தில் தூக்கிப் போடுவதுதான் அங்கே வழக்கம். ஆனால் சின்னப் படகை இறக்கவும் கப்பலை நிறுத்த வேண்டுமே. வேகத்தை மட்டும் குறைத்து, ஒலிபெருக்கியில் கேட்டார்.

"அண்ணாச்சி, தாங்குவீங்களா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். அவன விட்றாதீங்க," என்று கத்தினார் சிலுவைப்பிச்சை.

இளமாறன் ஒரு மிதவை வளையத்தை வீசிவிட்டுப் போனார். போகும்போதே, எல்லைக் கோட்டில் மறித்து நின்ற தீவு நாட்டுக் கப்பலின் கேப்டன் நசீமுக்குச் செய்தி சொன்னார். நசீம் யோசிக்கவே இல்லை. எல்லைக் கோட்டை விட்டுவிட்டு, ஆளைத் தேடிக் கிளம்பினார்.

சொன்ன இடத்துக்கு அவர் வந்தபோது நீரோட்டம் வள்ளத்தை எங்கோ கொண்டுபோயிருந்தது. பெட்டியும் பேசவில்லை. ஒரு மணி நேரம் தேடியும் வெறும் வளையம்தான் கிடைத்தது. அந்தச் செய்தி வந்தபோது திருடன் இளமாறனின் கண்முன்னால் போக்குக் காட்டிச் சுற்றுவழியில் ஓடிக்கொண்டிருந்தான். எல்லைக்கு இன்னும் இரண்டு மைல். இளமாறனுக்கு மனசு தாங்கவில்லை. கப்பலைத் திருப்பினார். துரத்தல் அறுந்தது. ஆளில்லாத கோட்டைத் தாண்டித் திருடன் நிதானமாகப் போனான்.

சிலுவைப்பிச்சையின் உடல் மூன்றாம் நாள் ஒதுங்கியது.

தன்னை விட்டுவிட்டுத் திருடனைப் பிடிக்கச் சொன்னார் ஒருவர். ஆளை விட்டுத் திருடனைத் துரத்தி, பிறகு திருடனை விட்டு ஆளைத் தேடி வந்தார் ஒருவர். ஆளுக்காக எல்லைக் கோட்டையே விட்டு வந்தார் மற்றவர். இதில் யார் செய்தது சரி?

என் விடை இது. நசீம் செய்ததுதான் சரி. தண்ணீரில் கிடப்பவன் சொல்லும் 'போ'வுக்கு மதிப்பில்லை. இளமாறன் கேட்டதே தப்பு. திரும்பி வந்தது சரிதான், ஆனால் நேரம் போய்விட்டது. சரியாகச் செய்தவர் கைக்கும் ஒன்றும் வரவில்லை. அடுத்த வாரமே அந்தக் கப்பல் அதே இடத்தில் மடி இழுத்தது. இந்த விடையை ரெஜினாளிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அன்னைக்கும் வயர உருவினது நான்தான். என்னைய ஏன் உங்க புதிர்ல சேக்கல?" என்றாள்.