செம்பருத்தி போட்ட எண்

பாளையங்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வைகுண்டமணிக்கு வாய் ஓயாது. "இந்த வீட்டுல எம்பேச்சு எடுபடாது" என்று சொல்லிவிட்டுத் தூத்துக்குடியில் மகள் வீட்டுக்குப் போன மனைவி பிரமு, இன்னும் திரும்பவில்லை.

பிரமு வளர்த்த செம்பருத்தியின் இலையில் இரண்டு கம்பிகளை ஒட்டி, மின்னழுத்தத்தை அளந்து சின்னத் திரையில் எண்ணாகக் காட்டும் உள்ளங்கை அகல ஆர்டுயினோ போர்டில் இணைத்திருந்தார் மனிதர். தொட்டியும் கையுமாக ஜெபசெல்வியின் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்புக்கே வந்துவிட்டார். ஜெபசெல்வி அவர் மகளைவிட இளையவள். ஆனாலும் வாய் நிறைய "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

"டீச்சர், நான் கிட்டப் போய்ப் பேசினா திரையில எண் ஏறுது. செடிக்கு என்னைத் தெரியுது. இதைக் காட்டினா பிரமு வந்துருவா. சரிதானே?"

ஜெபசெல்வி இலையிலிருந்து கம்பிகளைப் பிரித்து அந்தரத்தில் தொங்கவிட்டாள்.

"இப்பப் பேசுங்க அண்ணாச்சி."

குனிந்து பேசினார். எண் முன்னைவிட அதிகமாக ஏறியது.

"செடியே இல்லையே" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"சுவத்துல ஓடுற கரண்டு உங்க உடம்பு வழியா இதுல ஏறுது. இவ்வளவு நேரம் நீங்க பாத்தது உங்களைத்தான்."

"அப்ப செடி ஒண்ணுமே சொல்லலையா?"

அவள் இரண்டு கம்பி முனைகளையும் சேர்த்து முறுக்கினாள். எண் சரசரவென்று இறங்கி மூன்றில் நின்றது.

"வெளிய இருந்து எதுவும் வராதப்போ கருவி தானா போடுற சத்தம் இது, காதுல கேக்காது, எண்ணாத்தான் தெரியும். சின்ன வோல்ட்டேஜை அளக்கிறவங்க மொதல்ல இதைப் பாத்து வச்சுக்கணும். நீங்க எடுத்த எடுப்புலயே செடிகிட்டப் போயிட்டீங்க."

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. பிரமுதான். பச்சையை அழுத்திய கையோடு, "பிரமு, இங்க பாரு, நான் என்ன சொல்ல வாரேன்னா" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். போனைக் கையால் பொத்திக்கொண்டு டீச்சரைப் பார்த்தார்.

"செடி என்ன சொல்லுச்சுன்னு அவகிட்டச் சொல்ல?"

முறுக்கிய கம்பியைக் கீழே வைத்தாள் ஜெபசெல்வி.

"நீங்க இன்னும் அளக்கவே ஆரம்பிக்கலையே அண்ணாச்சி."

வைகுண்டமணி போனைக் காதில் வைத்தார். வெகுநேரம் சத்தமே இல்லை.

"லைன்ல இருக்கீயளா?" என்று கேட்டாள் பிரமு.

"ம்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல், அவள் சொல்லப்போவதைக் கேட்கக் காத்திருந்தார்.