காசியம்மா கண்ணாடி, ஏகாம்பரம் துண்டு

"ஸ்டியரிங் புடிச்சது நானு சாமி. பென்ஷன்ல பாதி எப்படி அவளுக்கு?"

கேட்டது ஏகாம்பரம். கவர்மெண்டு பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவரு. சும்மா பேசறப்பகூட கை ரெண்டும் ஸ்டியரிங்கத் திருப்பிக்கிட்டே இருக்கும்.

பக்கத்துல அவரு சம்சாரம் காசியம்மா. பேரன் பேத்தி எடுத்த வயசுல ரெண்டு பேருக்கும் விவாகரத்து. பென்ஷன், வீடு, சாமான்னு யாருக்கு என்னன்னு திங்கக்கிழமை கோர்ட்டுல சொல்லியாவணும்.

செஞ்சிப் பக்கம் மடத்துல இருக்குற இந்தச் சாமி, ஒரு காலத்துல தெருக்கூத்துல பொம்பள வேஷம் கட்டினவரு. இப்பவும் அவரு நடந்தா கொலுசு சத்தம் கேக்குற மாதிரியே இருக்கும்.

"அவளுக்கு என்னதான் குடுப்ப?"

"தையல் மெஷினு. அப்புறம் ரெண்டு அண்டா."

"அண்டா மூடியோடவா, மூடி இல்லாமயா?"

மடத்துல வேடிக்கை பாக்க உக்காந்திருந்த கூட்டம் சிரிச்சுது. காசியம்மா சிரிக்கல.

"சேந்து வாழுங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க சாமி. பிரியறது பிரியறதுதான். இந்த வயசுல நான் எங்க போயி நிக்கறது? அதச் சொல்லுங்க."

சாமி எந்திரிச்சி வந்தாரு. அந்தம்மா கண்ணாடியக் கழட்டி ஏகாம்பரம் மூஞ்சில மாட்டினாரு. ஏகாம்பரத்தோட துண்ட உருவி அந்தம்மா தோள்ல போட்டாரு.

"வேஷம் கட்டியாச்சு. நான் சொல்ற வரைக்கும் கலைக்கக் கூடாது. யோவ் ஏகாம்பரம், இப்ப நீதான் காசியம்மா. பேசு."

ஏகாம்பரத்துக்கு ஒரே குஷி. இடுப்புல கைய வெச்சி, கழுத்த ஒரு வெட்டு வெட்டினாரு.

"ஐயோ சாமி, இந்தாளுகூட குடும்பம் நடத்தினதுக்கு ஒரு எருமைய மேச்சிருக்கலாம்! பாலாவது கெடச்சிருக்கும்! ஐயோ என் மூட்டு!"

அச்சு அசல் அந்தம்மாதான். காசியம்மாவே வாயப் பொத்திக்கிச்சு.

"மூட்டு ஏம்மா போச்சு?"

"வாசப்படியில உக்காந்து உக்காந்துதான்!"

"அங்க என்னா வேல ஒனக்கு?"

"இந்தாளு வண்டிய டிப்போவுல வுட்டுட்டு வர்ற வரைக்கும்..."

இடுப்புல இருந்த கை தானா எறங்கிடுச்சு.

"வர்ற வரைக்கும்?"

"எங்கியோ பஸ்ஸு கவுந்துச்சின்னு யாராவது பேசிக்கினு போவாங்க சாமி. எந்த பஸ்ஸுன்னு கேக்க வாய் வராது. இந்தாளு தலை தெருமுனையில தெரியற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

அதுல கேலி இல்ல. கூட்டத்துல ஒருத்தன் தும்மல அடக்கிக்கினான்.

"பென்ஷன்ல எவ்வளவும்மா வேணும்?"

"பாதி."

சொன்ன வாய ஏகாம்பரமே தொட்டுப் பாத்துக்கினாரு.

சாமி துண்டு போட்டிருந்த காசியம்மா பக்கம் திரும்பினாரு. "யோவ் ஏகாம்பரம், வீட்ட ஏன்யா வுட மாட்டேங்குற?"

காசியம்மா துண்ட உதறி மறுபடி போட்டுச்சு. கை ரெண்டும் ஸ்டியரிங்கத் திருப்புச்சு. அப்புறம் ஒரு இருமல். ஏகாம்பரத்தோட இருமல். அப்படியே.

"முன்பக்கம் எனக்கு, பின்பக்கம் அவளுக்கு. நடுவுல சுவரு வெச்சிடலாம் சாமி."

"அவ்வளவுதான? அப்புறம் என்னா தகராறு?"

"சுவரு ரொம்பத் தடியா இருக்கக் கூடாது."

"ஏன்?"

"ராத்திரியில இருமினா, யாருக்காவது கேக்கணும்."

ஏகாம்பரம் கை ரெண்டும் அந்தரத்துல அப்படியே நின்னுடுச்சு.

"சாமி... இத நான் யாருகிட்டயும் சொன்னதில்லையே."

"இப்பதான்யா சொன்ன."